உருகிய ஈயம் ஏன் வெடித்துத் தெறிக்கிறது?

வலைக்கு ஈயக்குண்டு வார்ப்பது என்றால் காரீயத்தை உருக்கி, அச்சில் ஊற்றி, ஆறவிடுவதுதான். யாழ்ப்பாணத்தில் குருநகர், மயிலிட்டிப் பக்கம் வீட்டிலேயே வார்க்கத் தொடங்குபவர்கள் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டியது, அது ஏன் சில நேரம் வெடிக்கிறது என்பது.

காரணம் தண்ணீர். காரீயம் உருக 327 பாகை செல்சியஸ் வேண்டும். தண்ணீர் கொதிக்க 100 போதும். ஈரமான ஈயத்துண்டு உருகிய ஈயத்துக்குள் அமிழ்ந்தால், அந்த நீர் கண நேரத்தில் ஆவியாகி ஏறக்குறைய 1,700 மடங்கு விரியும். மேலே இருக்கும் ஈயத்தையும் தூக்கி எறியும். ஈரம் துடைக்காத மீனை எண்ணெய்த் தாச்சியில் போட்டால் தெறிக்குமே, அதேதான். ஆனால் இது கண்ணையே பறித்துவிடும்.

கடலில் கிடந்த பழைய குண்டு வெளியே காய்ந்து தெரிந்தாலும் துளைக்குள் ஈரம் இருக்கும். அதை உருகிய ஈயத்தில் போடாமல், குளிர்ந்த சட்டியில் முதலிலேயே போட்டுச் சூடாக்குங்கள். அச்சும் கரண்டியும் அப்படியே, நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும்.

அப்புறம், ஈயம் நஞ்சு. குசினியில் வேண்டாம், பிள்ளைகள் கிட்டவே வரக்கூடாது.

“ஈயம் பூசிய பாத்திரத்தில் சமைக்கிறோமே” என்பார்கள் சிலர். அது வெள்ளீயம், இது காரீயம், இரண்டும் வேறு வேறு உலோகம்.