ஹோட்டல் வேலைக்கு மகளை அனுப்பலாமா?

கேள்வி: கேட்டரிங் டிப்ளமோ முடித்த என் மகளுக்கு ஐந்து நட்சத்திர ஹோட்டலில் ஹவுஸ்கீப்பிங் வேலை கிடைத்திருக்கிறது. “ஊரார் படுத்த படுக்கையைத் தட்டிப் போடுற வேலையா?” என்கிறார்கள் உறவினர்கள். அனுப்பலாமா? உள்ளே எப்படி நடத்துவார்கள்?
– ஒரு தாய், தண்டையார்பேட்டை

பதில்: தாராளமாக அனுப்புங்கம்மா. காசிமேட்டிலிருந்து ரூம் பாய் வேலைக்குப் போய், இப்போது ஃப்ளோர் சூப்பர்வைசராக இருக்கிறேன். உறவினர்கள் பேச்சை விடுங்கள்.

வேலை கஷ்டம்தான். ஒரு ஷிஃப்டுக்குப் பதினான்கு, பதினைந்து அறை வரும். கனத்த மெத்தையின் மூலையைத் தூக்கித் தூக்கி விரிப்பைச் செருகுவதில் மணிக்கட்டும் இடுப்பும் விண்விண்ணென்று வலிக்கும். பாத்ரூம் கண்ணாடியில் ஒரு சொட்டு நீர்த்தடம் இருந்தாலும் திரும்பக் கூப்பிடுவார்கள். இதெல்லாம் பழகிவிடும்.

மரியாதை விஷயத்தில்தான் ஹோட்டலுக்கு ஹோட்டல் மாறும். நான் முதலில் இருந்த இடத்தில், கெஸ்ட் முன்னால் தேனாகப் பேசும் மேனேஜர் சர்வீஸ் லிஃப்டுக்குள் வந்ததும் எங்களை “ஏய்” என்பார். அங்கே ஒருவரும் நிலைக்கவில்லை. இப்போதுள்ள இடத்தில் காலை பிரீஃபிங்கில் யார் தவறையும் பெயர் சொல்லிப் பேசுவதில்லை. ஜெனரல் மேனேஜரும் ஸ்டாஃப் கேன்டீன் வரிசையில் தட்டோடு நிற்பார். லாபியைப் பார்த்து மயங்காதீர்கள். கேன்டீனும் லாக்கர் ரூமும் எப்படி இருக்கின்றன என்று அங்கே வேலை செய்பவர்களிடம் விசாரியுங்கள்.

அப்புறம், ஆஃபர் லெட்டரில் இருப்பது ஹோட்டல் பெயரா, கான்ட்ராக்டர் பெயரா என்று பாருங்கள். ஒரே யூனிஃபார்ம்தான் போடுவார்கள், ஆனால் சம்பளமும் லீவும் வேறாக இருக்கும். சம்பளம் மாதம் 21,000 ரூபாய்க்குள் என்றால் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் மருத்துவக் காப்பீடு உண்டு, சம்பளத்தில் பிடித்தம் 0.75 சதவீதம்தான். அயனாவரம் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியும் நமக்குப் பக்கம்.

பெண் பிள்ளை என்ற பயம் எனக்கும் புரிகிறது. அறையைச் சுத்தம் செய்யும்போது கதவைத் திறந்து வைத்து, டிராலியை வாசலில் நிறுத்தச் சொல்லித் தருவோம். 2013 சட்டப்படி, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் தொல்லைப் புகார்க் குழு கட்டாயம். அதில் யார் யார் இருக்கிறார்கள் என்று சேர்ந்த அன்றே தெரிந்து வைத்துக்கொள்ளட்டும்.

ராத்திரி ஷிஃப்ட் முடிந்தால் கேப் உண்டா என்பதையும் சேருமுன் கேட்கச் சொல்லுங்கள். சில டிரைவர்கள் மெயின் ரோடான டி.எச். ரோட்டிலேயே இறக்கிவிட்டுப் போய்விடுவார்கள். வீட்டு வாசல் வரை வருமா என்று ஹெச்.ஆரிடம் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளட்டும்.