பேட்லேண்ட்ஸ் பிரெய்ரி நாய்க் குட்டிகளை எப்போது பார்க்கலாம்?

வணக்கம். ஏப்ரல் நடுவில் அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவிலுள்ள பேட்லேண்ட்ஸ் தேசியப் பூங்காவுக்குப் போனபோது, பிரெய்ரி நாயின் (வளை தோண்டி வாழும் அணில் வகை விலங்கு) ஒரு குட்டிகூடக் கண்ணில் படவில்லை, கிட்டப் போனதும் பெரியவையும் குரைத்துவிட்டு வளைக்குள் மறைந்தன என்று கேட்டிருந்தீர்கள்.

அப்போது குட்டிகள் மண்ணுக்கடியில்தான் இருக்கும். அங்கே வாழ்வது கருவால் (வால் நுனி கறுப்பான) இனம். குளிர்காலக் கடைசியில் இணைசேரும். சினைக்காலம் ஏறக்குறைய 35 நாள். பிறந்தபின் சுமார் 6 வாரம் வளைக்குள்ளேயே பால் குடித்து வளரும். அதனால் மே கடைசியிலிருந்து ஜூன் நடுவுக்குள் போங்கள். ஆண்டுக்கு ஒரே ஈற்றுதான், அந்தப் பருவத்தைத் தவறவிடாதீர்கள்.

குரைப்பு உங்களைக் குறித்த எச்சரிக்கை. நடந்து நெருங்காமல், வண்டியை ஓரங்கட்டி, இன்ஜினை அணைத்துவிட்டு உள்ளேயே இருங்கள். கொஞ்ச நேரத்தில் ஒன்று பின்னங்காலில் எழும்பி, தலையை அண்ணாந்து கத்தும். பக்கத்தில் உள்ளவையும் தொடர்ந்து கத்தும். அது பெரும்பாலும் ஆபத்து நீங்கியதற்கு அடையாளம், மேய்ச்சல் மறுபடி தொடங்கும். படம் எடுக்க அதுதான் நேரம். கோடை நண்பகலில் வெயிலுக்குப் பயந்து உள்ளே போய்விடும், ஆகவே காலையிலேயே போய்விடுங்கள்.

தயவுசெய்து தீனி போடாதீர்கள். வளைவாயில் கை வைக்கவோ அருகே உட்காரவோ வேண்டாம்: தெள்ளுப்பூச்சி பிளேக் பரப்பும், உள்ளே விரியன் பாம்பும் இருக்கலாம்.