குடுவை வடிவப் பங்கசுகளைப் படித்து யாருக்கு என்ன பிரயோசனம்?

உயர்தர உயிரியலில் குடுவை மாதிரிப் பழவுடலம் (வித்திகள் உண்டாகும் உறுப்பு) உள்ள பைப் பங்கசுகளை, அதாவது வித்திகளைச் சின்னப் பைகளுக்குள் உண்டாக்கும் பங்கசுகளை, ஏன் பாடமாக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். பரீட்சைக்குப் படித்துக் களைத்திருப்பீர்கள், விளங்குகிறது. ஆனால் எங்கள் வீட்டில் ஒரு போகமே இதில்தான் போனது.

தம்பலகாமத்தில் அப்பாவுக்கு இரண்டரை ஏக்கர் வயல், கந்தளாய்க் குளத்துத் தண்ணீர். நான் உயர்தரம் படித்த வருசப் பெரும்போகம் அது. மார்கழிக் கடைசியில் விடிந்து எட்டு மணியாகியும் இலையில் பனி காயாது. இலைகளில் கண் வடிவப் புள்ளிகள் வந்தன: இரண்டு முனையும் கூர், நடு சாம்பல், ஓரம் கபிலம். பசளை காணாது என்று அப்பா இன்னும் யூரியா எறிந்தார். எரிபந்தம் என்ற நெல் நோய்க்கு அதைவிட நல்ல தீனி இல்லை. கதிர் வந்ததும் அங்கங்கே வெளிறி நின்றது. கடையில் புழு என்று சொல்லிப் பூச்சி மருந்து தந்தார்கள். இரண்டு தரம் அடித்தோம்.

ஒரு கதிரை இழுத்துப் பார்த்திருந்தால் போதும். தண்டு துளைப்பான் புழு என்றால் கையோடு கழன்று வரும், அடி அரிபட்டிருக்கும். எங்களுடையது கழன்று வரவில்லை. கழுத்துக் கணு கறுத்து, அந்த இடத்திலேயே முறிந்தது. விவசாயப் போதனாசிரியர் வந்து முறித்துக் காட்டிய பிறகுதான் எரிபந்தப் பங்கசு என்று தெரிந்தது. அந்தக் கிழமைதான் நான் குடுவைப் படம் கீறி, பையும் எட்டு வித்தியும் குறித்து முழுப் புள்ளி வாங்கியிருந்தேன். அதே கூட்டம் எங்கள் வயலில் நின்றதை அறியவில்லை.

அப்பாவைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. முப்பது வருசம் வயல் செய்தவர், அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

வயலில் குடுவையே தெரியாதே என்று யாராவது வருவீர்கள். உண்மைதான். இந்தப் பங்கசின் குடுவையை ஆய்வுகூடத்தில்தான் உண்டாக்கிக் காட்டினார்கள். வயலில் நோயைப் பரப்புவது குடுவை இல்லாமலே உண்டாகும் பாலில்லா வித்திகள். வித்தி இலையில் ஒட்டி, கறுத்த சுவருள்ள குமிழ் ஒன்றைக் கட்டி, கார் டயரில் உள்ளதைப்போல ஏறக்குறைய 40 மடங்கு அழுத்தத்தோடு இலையைத் துளைக்கும். டிரைசைக்கிளசோல் என்ற பங்கசுகொல்லி அந்தக் கறுப்பு நிறமி உண்டாவதைத் தடுக்கும், நிறமி இல்லாமல் அழுத்தம் நிற்காது. அதனால் துளைக்க முன்னமே அடிக்க வேண்டும். எங்களுக்குக் காலம் கடந்துவிட்டது.

அறுபது மூட்டை எதிர்பார்த்தோம், இருபத்திரண்டு கிடைத்தது. அம்மா மூன்று நாள் தார் ரோட்டில் காயவைத்த நெல்லுக்கும் ஈரம் என்று மூட்டைக்கு இரண்டு கிலோ கழித்தார்கள். பங்கசுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

குடுவையைக் கண்ணால் பார்க்க ஆசை என்றால், மழைக்குப் பிறகு செத்த மரக்கட்டைகளில் கரி உருண்டை போல ஒரு பங்கசு இருக்கிறதா என்று தேடுங்கள். பிளேட்டால் குறுக்கே வெட்டினால் உள்ளே வளையம் வளையமாக இருக்கும். வெளித்தோலுக்குச் சற்றுக் கீழே வரிசையாகச் சின்னச் சின்னக் குழிகள். அவைதான் குடுவைகள். மேலே தெரியும் ஒவ்வொரு குத்துப் புள்ளியும் ஒரு குடுவையின் வாய்.