வாசகர் கேள்வி: எஸ்.சி.சி. 1.9 என்றால் புற்றுநோயா?

கேள்வி: எனக்கு வயது 46. தனியார் ஆய்வுகூடமொன்றில் ‘புற்றுநோய்ப் பரிசோதனைத் தொகுதி’க்கு இரத்தம் கொடுத்தேன். எஸ்.சி.சி. அன்டிஜன் 1.9, எல்லை 1.5 என்று எழுதி நட்சத்திரக் குறியும் போட்டிருக்கிறார்கள். கருப்பைக் கழுத்தில் புற்றுநோயா? எனக்குச் சொரியாசிஸ் உண்டு. கருப்பைக் கழுத்தில் கலங்களை எடுத்துப் பார்க்கும் பப் சோதனை செய்ததில்லை. இரத்தப் பரிசோதனையே போதாதா?
– வாசகி, கோண்டாவில்

பதில்: அந்த நட்சத்திரத்துக்கு உங்கள் சொரியாசிஸே காரணமாக இருக்கலாம். எஸ்.சி.சி. ஒரு புரதம். தோல், வாய், தொண்டை, கருப்பைக் கழுத்து என்று செதிட்கலங்கள் எனும் தட்டையான கலங்கள் உள்ள இடமெல்லாம் அது உண்டு. ஆகவே தோல் நோயிலும் ஏறும், சிறுநீரகம் செயலிழந்தாலும் ஏறும். உமிழ்நீரிலும் வியர்வையிலும்கூட இருக்கிறது. மூடி திறந்த குழாய்க்கு மேல் ஒருவர் தும்மினாலோ, மாதிரியை உறிஞ்சும் பிப்பெற் குழாயின் நுனியை வெறுங்கையால் தொட்டாலோ எண் எகிறிவிடும்.

எனக்குப் பயம் மறுபக்கம்தான். 1.2 என்று வந்திருந்தால் நிம்மதியாக வீட்டில் இருந்திருப்பீர்கள். தொடக்க நிலைப் புற்றுநோய் உள்ள பலருக்கு இந்த எண் ஏறுவதேயில்லை. அதற்கும் முந்தைய கலமாற்றம் கருப்பைக் கழுத்தை மூடிய மேற்படலத்தின் அடிச்சவ்வைத் தாண்டாததால் பெரும்பாலும் இரத்தத்தில் தடயம் விடாது. பப் சோதனை பிடிப்பது அந்தக் கட்டத்தை.

ஒரு கணக்குப் போடுவோம். 10,000 பெண்களில் 10 பேருக்கு நோய் என்று வைத்துக்கொள்ளுங்கள். நோயாளரில் பாதிப் பேரைப் பிடித்து, நோயற்றவரில் 95 வீதத்தினரைச் சரியாக விடுவிக்கும் பரிசோதனை, 5 நோயாளரைக் காட்டும். கூடவே நோயில்லாத 500 பேரளவில் கலங்கடிக்கும். தொகுதி விற்பவர்கள் இந்தக் கணக்கைச் சொல்வதில்லை.

உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் பப் சோதனை செய்யும் சுகவனிதையர் கிளினிக் எப்போது என்று குடும்பநல உத்தியோகத்தரிடம் கேளுங்கள். 35, 45 வயதினரையே முக்கியமாக அழைக்கிறார்கள். 46 என்று தயங்க வேண்டாம். மாதவிடாய் நாட்களில் போகாதீர்கள். முந்தைய இரண்டு நாளும் உடலுறவு, யோனிக்குள் வைக்கும் மருந்து இரண்டையும் தவிருங்கள். உறவின் பின் இரத்தம் பட்டாலோ, மாதவிடாய் நின்றபின் பட்டாலோ கிளினிக் நாளுக்குக் காத்திராமல் பெண்நோயியல் நிபுணரிடம் போய்விடுங்கள்.

கேள்வி: அம்மாவுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்குத் தெல்லிப்பழையில் கதிர்ச் சிகிச்சை முடிந்தது. எஸ்.சி.சி. முன்பு 9, பிறகு 0.8. இம்முறை வேறு ஆய்வுகூடத்தில் 1.3. நோய் திரும்புகிறதா?
– வாசகர், சாவகச்சேரி

பதில்: இந்தப் பரிசோதனைக்கு உரிய இடம் இதுதான். சிகிச்சைக்கு முன் எண் ஏறியிருந்தவருக்கே பின்னர் அதை வைத்துப் பார்ப்பதில் பயன். ஆனால் ஆய்வுகூடம் மாறினால் பரிசோதிக்கும் கிட் மாறும், கிட் மாறினால் எண்ணும் மாறும். பழைய இடத்திலேயே சில வாரங்களில் திரும்பச் செய்து, முன்னைய அறிக்கைகளையும் சேர்த்து வைத்தியரிடம் கொடுங்கள். அடுத்தடுத்து ஏறிக்கொண்டு போனால்தான் உடற்பரிசோதனை, ஸ்கான் என்று தேட வேண்டும். அம்மா முடி உதிர்வுக்குப் பயோற்றின் என்ற விற்றமின் மாத்திரை எடுக்கிறாவா? சில கருவிகளில் அது எண்ணைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும். இரத்தம் எடுக்குமுன் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: மகளுக்குப் பாடசாலையில் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கு எதிரான எச்.பி.வி. தடுப்பூசி இரண்டும் போட்டாயிற்று. இனிப் பப் சோதனை தேவையில்லைத்தானே?
– வாசகி, நல்லூர்

பதில்: உரிய வயது வந்ததும் தேவை. ஊசி மறிக்கும் 16, 18 ஆம் வகை வைரசுகள் இந்தப் புற்றுநோயில் சுமார் 70 வீதத்துக்கே காரணம். ஊசி பலித்ததா என்று இரத்தத்தில் எதிர்ப்பொருள் பார்த்துக் காசைக் கரைக்க வேண்டாம்.