மகளின் ஆங்கிலமும் குறுவை முடிவும்

மன்னார்குடிப் பக்கமிருந்து எழுதியுள்ள ஐயா அவர்களுக்கு, வணக்கம்.

தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து இளநிலைப் பட்டப்படிப்பில் சேர்ந்திருக்கும் தங்கள் மகள், ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பின் முதல் நிலையை முடித்த பிறகும் வாய் திறக்கத் தயங்குகிறார் என்றும், கட்டிய பணம் வீணாகிவிடக் கூடாதே என்பதற்காக அடுத்த நிலையிலும் சேர்த்துவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். பின்னதற்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன்: அந்தக் காரணத்துக்காகச் சேர்க்க வேண்டாம். விதைநெல்லுக்குச் செலவழித்துவிட்டோமே என்று பட்டுப்போன நாற்றுக்கு யாரும் மேலுரம் இடுவதில்லை. போன பணத்தை மீட்பதற்காக மேலும் பணம் போடும் இந்த மனப்போக்கை உளவியலார் 'மூழ்கிய செலவு' என்ற தலைப்பில் ஆராய்ந்திருக்கிறார்கள்.

அந்த உளவியலையே தங்கள் மகள் ஆங்கிலத்தில் படிக்கட்டும் என்பதுதான் என் யோசனை. தன் பெயரையும் ஊரையும் பொழுதுபோக்கையும் திரும்பத் திரும்ப ஒப்பிக்கும் மாணவிக்கு, அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இருப்பதில்லை. மனிதர் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்ற பொருளிலோ, படிப்பவருக்கே ஒரு கருத்து எழுந்து, அதைச் சொல்லாமல் இருக்க முடியாத நிலை வரும்.

ஓர் எடுத்துக்காட்டு. 1981-ஆம் ஆண்டில் உளவியலாளர்கள் டிவெர்ஸ்கியும் கானமனும் வெளியிட்ட ஆய்வில், 600 பேரைக் கொல்லக்கூடிய நோய்க்கு எதிராக, பலன் உறுதியான ஒரு திட்டம், பலன் நிச்சயமில்லாத ஒரு திட்டம் ஆகிய இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். உறுதியான திட்டத்தில் '200 பேர் காப்பாற்றப்படுவர்' என்று கேட்டபோது 72 விழுக்காட்டினர் அதை ஏற்றனர்; அதே திட்டத்தை '400 பேர் இறப்பர்' என்று வேறொரு குழுவிடம் கேட்டபோது 22 விழுக்காட்டினரே ஏற்றனர். கணக்கு ஒன்றுதான், வாக்கியம்தான் வேறு. இந்த இரு வாக்கியங்களையும் ஆங்கிலத்தில் எழுதிப் பார்க்கும் மாணவி, செயப்பாட்டுவினையை வாய்பாடாக அல்லாமல் அதன் வேலையோடு கற்றுக்கொள்வார். 2012-இல் உளவியலாளர் போவாஸ் கேசர் குழுவினர் இதே வகைக் கேள்விகளை, கற்றுக்கொண்ட அயல்மொழியில் கேட்டபோது, சொல்லும் விதத்தால் வரும் அந்த வேறுபாடு மறைந்ததாகக் கண்டனர். ஆங்கிலத்தில் யோசித்தால் அறிவு கூடும் என்று இதற்குப் பொருளில்லை. ஆனாலும், ஆங்கிலத்தில் தன்னால் நிதானமாகத்தான் எண்ண முடிகிறது என்று வெட்கப்படும் பெண்ணிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். நான் இதைச் சொல்லிக் கேட்ட மாணவர்கள் பலருக்கு அந்த வெட்கம் பாதி குறைந்திருக்கிறது.

இலக்கணத்தில் அவர் மிகவும் தடுமாறுவது நிபந்தனை வாக்கியங்களில் என்று எழுதியிருந்தீர்கள். டெல்டாக்காரர் வீட்டில் அதற்கா பஞ்சம்? ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறக்குமா, ஏறத்தாழ 110 நாளில் அறுவடையாகும் ஏடிடி 43 நெல் ரகத்தைக் குறுவைக்கு விதைப்பதா, சம்பாவுக்குக் காத்திருந்து சி.ஆர். 1009 ரகம் போடுவதா என்று திண்ணையில் நீங்கள் பேசுவதெல்லாம் நிபந்தனைதான். 'தண்ணீர் வந்தால் விதைப்போம்' என்பதற்கு ஆங்கிலத்தில் 'வில்' (will). 'வந்திருந்தால் விதைத்திருப்போம்' என்பதற்கு 'வுட் ஹாவ்' (would have). முன்னது திட்டம், பின்னது வருத்தம். இந்த வேறுபாடு தமிழில் அவருக்கு நன்றாகவே தெரியும். ஆங்கிலத்தில் அதற்கு உருவம் கொடுப்பது மட்டுமே மீதி வேலை.

வேலைக்கான நேர்காணலிலும் குழு விவாதத்திலும் கேட்கப்படுவது பெரும்பாலும் 'ஏன் இதைத் தேர்ந்தெடுத்தீர்கள்' என்பதே. அதனால் உச்சரிப்பைப் பற்றி இப்போது கவலைப்பட வேண்டாம்.

ஒரு நோட்டு வாங்கிக் கொடுங்கள். வாரம் ஒரு முடிவை, அது எடுக்கப்படுவதற்கு முன்பே, காரணங்களோடு ஆறேழு ஆங்கில வாக்கியங்களில் அவர் எழுதட்டும். கல்லூரி ஆங்கில ஆசிரியரிடம் காட்டித் திருத்திக்கொள்ளட்டும். மாதம் கழித்து மீண்டும் படிக்கட்டும். நடந்து முடிந்தபின் 'எனக்கு அப்போதே தெரியும்' என்று நம் மனம் சொல்லும் பொய்யை அந்தப் பக்கங்கள் பிடித்துக் கொடுக்கும். முதல் பக்கத்தில், பயிற்சி வகுப்பில் தொடர்வதா வேண்டாமா என்ற கேள்வியையே அவர் எழுதட்டும். படித்துக் காட்டச் சொல்லிக் கேட்ட பிறகு பணத்தைப் பற்றி முடிவு செய்யுங்கள்.