வயசுக்கான கழிவு போகத்தான் 78

மூச்சும் நாமும்: வாசகர் கேள்விகளுக்கு நெஞ்சக மருத்துவர் பதில்கள்

கேள்வி: எனக்கு வயது 62. ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டியில் முப்பது வருடமாகக் கணக்கு எழுதுகிறேனுங்க. உயரம் 165 செ.மீ., எடை 91 கிலோ. பீடி, சிகரெட் தொட்டதில்லை. முன்பெல்லாம் சென்னிமலைப் படி சளைக்காமல் ஏறுவேன். இந்த வருடம் நூறு படிக்குள் மேல்மூச்சு வாங்கிவிட்டது. ராத்திரி சாப்பிட்டு மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுகிறது. குழாயில் ஊதும் டெஸ்டில் 78 சதவீதம் வந்தது, ரிப்போர்ட்டை இணைத்திருக்கிறேன். "வயசாச்சுல்லப்பா, அப்படித்தான் இருக்கும்" என்கிறான் மகன். பக்கத்து வீட்டுக்காரர் தன் இன்ஹேலரைக் கொடுத்து அடித்துப் பார்க்கச் சொல்கிறார். என்ன செய்யட்டுமுங்க?

பதில்: ஐயா, இன்ஹேலரை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். படுத்தால் மூச்சு முட்டுவது இதயக் கோளாறாகவும் இருக்கலாம். அதனால் இந்த வாரமே ஈசிஜி, எக்கோ, நெஞ்சு எக்ஸ்ரே, ஹீமோகுளோபின் நான்கையும் பார்த்துவிடுங்கள். கால் வீங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, நடுராத்திரியில் திணறி எழுந்தாலோ வாரமெல்லாம் பொறுக்க வேண்டாம், அன்றைக்கே போங்கள்.

சரி, ரிப்போர்ட்டுக்கு வருவோம். அந்த 78 எதோடு ஒப்பிட்டு வந்தது தெரியுமா? உங்கள் உயரமுள்ள, உங்கள் வயதுள்ள ஆண் ஒருவர் ஊத வேண்டிய அளவோடு. இருபத்தைந்து வயதுக்குப் பிறகு புகைக்காதவருக்கும் ஊதும் காற்று வருடத்துக்குச் சுமார் 25 முதல் 30 மில்லி குறையும். உங்கள் வயதுக்கு அது ஏறக்குறைய ஒரு லிட்டர். அந்த ஒரு லிட்டரைக் கழித்துவிட்டுத்தான் 78 போட்டிருக்கிறார்கள். மண்டிக் கணக்கில் சொன்னால், வயசுக்கான கழிவு ஏற்கெனவே போய்விட்டது. மீதிக் குறைவை வயதின் தலையில் கட்ட முடியாது. ஆனால் அந்தக் கணக்கில் எடையைச் சேர்ப்பதில்லை. உங்கள் உயரத்துக்கு 63 கிலோவுக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் 28 கிலோ, அதாவது ஒரு சிப்பம் அரிசிக்கும் கூடுதல்.

ஊதிய முதல் நொடியிலேயே மொத்தக் காற்றில் 81 சதவீதம் வந்திருக்கிறது. மூச்சுக்குழாய்கள் அடைத்திருந்தால் இப்படி வராது. மூச்சுக்குழாயை விரிக்கும் இன்ஹேலருக்கு இங்கே பெரிய வேலை இருப்பதாகத் தெரியவில்லை.

வயதும் வயிறும் சேருமிடம்தான் கவலை தருகிறது. பத்து வருடம் துவைத்த திருப்பூர் பனியனின் கழுத்து தொளதொளத்துப் போவதுபோல, வயதாக ஆக நுரையீரலும் சுருங்கும் வலுவை இழக்கிறது. அதனால் மூச்சை விடும்போது அடிப்பகுதியின் சின்னக் குழாய்கள் சீக்கிரமே மூடிக்கொள்கின்றன. கீழேயிருந்து வயிற்றுக் கொழுப்பு உதரவிதானத்தை, அதாவது நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவிலுள்ள தசைத் திரையை, மேலே தள்ள, மூச்சு விட்டபின் நெஞ்சில் தங்க வேண்டிய காற்றும் குறைகிறது. படுத்ததும் வயிறு இன்னும் மேலே ஏறும். அப்போது அடி நுரையீரலில் ரத்தம் ஓடும், காற்று போகாது. ராத்திரி ஒன்பதரைக்கு வயிறு முட்ட அரிசிம்பருப்பு சாதம் சாப்பிட்டுப் படுத்தால் கேட்கவே வேண்டாம்.

எங்கள் அப்பாவும் "வயசாச்சு கண்ணு" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். டாக்டரான நானும் ஒரு வருடம் அதை நம்பினேன். ஒரு நாள் அவர் குனிந்து செருப்பு வாரை மாட்டியபோது மூச்சைப் பிடித்துக்கொண்டதைப் பார்த்தேன். மாட்டி நிமிர்ந்ததும் முகம் சிவந்து, வாய் திறந்து நாலு மூச்சு. வேட்டி இறுக்கிய தடம் இடுப்பில் விரல் ஆழத்துக்குப் பதிந்திருந்தது. எட்டு மாதத்தில் ஒன்பது கிலோ குறைந்தது. மூன்று தலையணை வைத்துப் படுத்தவர் ஒன்றுக்கு வந்தார். அந்த ஒரு வருடத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனசு ஆறவில்லை.

ராத்திரிச் சாப்பாட்டை ஏழரைக்குள் முடியுங்கள், சோறு பாதி, காய் இரண்டு பங்கு. இடுப்புச் சுற்றளவை மாதம் ஒரு முறை நூலால் அளந்து அந்தக் கணக்கையும் எழுதி வையுங்கள். ஆண்களுக்கு 90 செ.மீ.க்குள் வர வேண்டும். எக்கோவில் கோளாறில்லை என்றால் காலையில் சமதரையில், பேச முடிகிற வேகத்தில் அரை மணி நடங்கள். ஏழெட்டுக் கிலோ குறைந்த பிறகு மறுபடி ஊதிப் பார்த்து எனக்கு எழுதுங்கள். 1320 படி எங்கும் போகாது. அதுவரை மலைப்பாதையில் வண்டியிலேயே போய் முருகனைக் கும்பிட்டு வாருங்கள்.

கேள்வி: எனக்கு 34 வயது, பள்ளிபாளையத்தில் தறி ஓட்டுகிறேன். ஆள் ஒல்லிதான், தினம் ஆறேழு பீடி உண்டு. மூச்சுப் பயிற்சி செய்தால் நுரையீரல் பெரிதாகுமா?

பதில்: ஆகாது தம்பி, இருபத்தைந்துக்குள் வளர்ச்சி முடிந்துவிடும். இனி இருப்பது சீக்கிரம் கரையாமல் பார்ப்பதுதான். பீடி அந்தக் கரைதலை வேகமாக்கும். இன்றைக்கு நிறுத்தினால் புகைக்காதவரின் வேகத்துக்குப் பக்கத்தில் திரும்பும். பஞ்சுத் தூசிக்குக் கைக்குட்டை போதாது, முகத்தில் ஒட்டி நிற்கும் என்95 முகக்கவசம் போடுங்கள். அந்தத் தூசி நுரையீரலைப் பாதித்திருக்கிறதா என்று தெரிய, லீவு முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சு இறுக்கிப் பிடிக்கிறதா என்று கவனித்து எழுதுங்கள்.