வீணை ஏன் ஆர்கன் மாதிரிக் கேட்கிறது? சின்த் என்வலப் கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, சஸ்டெயின் என்றால் ஒலி எத்தனை செகண்ட் நிற்கும் என்பதுதானே? முழுக்க ஏற்றினால், கீயை விடும்வரை ஒலி அடங்கவே மாட்டேன் என்கிறது.

பதில்: பெயரால் வரும் குழப்பம் இது. சின்த் என்பது மின்னணு முறையில் ஒலி உருவாக்கும் கருவி. அதில் ஒவ்வொரு நோட்டின் ஒலியும் எப்படி ஏறி இறங்கும் என்பதைத் தீர்மானிப்பது என்வலப். அதன் நான்கு குமிழ்களில் அட்டாக், டிகே, ரிலீஸ் மூன்றும் நேரம். சஸ்டெயின் மட்டும் ஒலியின் அளவு. கீயை அழுத்தியதும் ஒலி உச்சத்துக்கு ஏறும் நேரம் அட்டாக். அங்கிருந்து சஸ்டெயின் அளவுக்கு இறங்கும் நேரம் டிகே. விரலை எடுத்தபின் அடங்கும் நேரம் ரிலீஸ். சஸ்டெயின் முழு அளவில் இருந்தால் இறங்க இடமே இல்லை. டிகே குமிழை எவ்வளவு திருகினாலும் எதுவும் மாறாது.

கேள்வி: வீணை போல ஒரு ஒலி செய்கிறேன். ரம்பப் பல் வடிவ சா-டூத் அலை, மேல் அதிர்வெண்களை வெட்டும் ஃபில்டர் எல்லாம் போட்டும் ஆர்கன் மாதிரியே கேட்கிறது.

பதில்: அலையை அப்படியே விட்டுவிட்டு என்வலப்பைப் பாருங்கள். கருவியை அடையாளம் காணக் காது பெரிதும் நம்புவது தொடக்கத்தைத்தான். 1948இல் பாரிஸில் இசையமைப்பாளர் பியர் ஷேஃபர் மணியோசையைப் பதிவுசெய்து, அடி விழும் கணத்தை மட்டும் நீக்கிக் கேட்டார். மிச்சம் இருந்தது மணியாகவே தோன்றவில்லை.

ஆர்கனில் காற்று போய்க்கொண்டே இருப்பதால் ஒலி நிற்கிறது. வீணையில் மீட்டிய கணத்தோடு விரலின் வேலை முடிந்தது, பிறகு தேய்வுதான். ஆகவே சஸ்டெயின் பூஜ்யம். அட்டாக் 1 அல்லது 2 மில்லி செகண்ட். டிகேயை 3 செகண்டில் தொடங்கி, மேல் ஸ்தாயி போகப் போகக் குறையுங்கள். ரிலீஸும் ஏறக்குறைய டிகே அளவு இருக்கட்டும். இல்லாவிட்டால் விரலை எடுத்ததும் தந்தியைக் கையால் பொத்தியது போல அறுந்துவிடும்.

அப்புறம், பலர் விட்டுவிடும் ஒன்று: தந்தியில் மேல் அதிர்வெண்கள்தான் முதலில் அடங்கும். ஃபில்டருக்குத் தனி என்வலப் கொடுத்து, அதன் டிகேயை அரை செகண்டுக்குச் சுருக்குங்கள். ஒலி தேயத் தேய மங்கவும் வேண்டும். இதைச் செய்த நிமிடமே தந்தி தெரிய ஆரம்பிக்கும்.

கேள்வி: கீழ் ஸ்தாயியில் பேஸ் வாசிக்கும்போது ஒவ்வொரு நோட்டிலும் ‘டிக்’ என்கிறது. ஸ்பீக்கர் பழுதா?

பதில்: இல்லை. அட்டாக் பூஜ்யத்தில் இருக்கும். 5 மில்லி செகண்ட் வையுங்கள், ரிலீஸுக்கு 10. அடி மழுங்காது: 41 ஹெர்ட்ஸ் நோட்டில் ஒரு அலைச்சுற்றுக்கே 24 மில்லி செகண்ட் ஆகிறது.

கேள்வி: மினிமூக் செயலியில் ரிலீஸ் குமிழைக் காணோம் சார்.

பதில்: 1970இல் வந்த அசல் மினிமூக் சின்த்திலேயே கிடையாது. டிகே குமிழே அந்த வேலையையும் பார்க்கும். கீபோர்டுக்கு இடப்பக்கம் டிகே என்று ஒரு சுவிட்ச் இருக்கும். போட்டால் விரலை எடுத்தபின்னும் ஒலியின் வால் நீளும், அணைத்தால் விரலோடு ஒலி நிற்கும். வேகமான பேஸுக்கு அணைத்தே வாசியுங்கள்.